வெயிலில் வைத்த பன்னிரண்டு குழாய்கள்

பிப்ரவரி 3, 2025, திங்கள்
கோட்டைப்பட்டினம்

காலையில் மகள் மிஸ்பாவுக்கு ரத்த அழுத்தம் 146. நேற்றைவிடக் கூடுதல். அறந்தாங்கி டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். "படுத்தே இருக்கட்டும் சார். மாடிப்படி பக்கமே போகக்கூடாது. நூத்தி அறுபதத் தொட்டா யோசிக்காம கூட்டிட்டு வந்துருங்க" என்றார். எட்டாவது மாதம் நடக்கிறது. போன தடவை ஐந்தாம் மாதத்தில் போனதை இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மருமகன் ரபீக் தோஹாவிலிருந்து நேரம் காலம் இல்லாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.

மகள் கீழே. அவளுடைய குழாய்கள் மேலே. இரண்டுக்கும் நடுவில் நான்.

கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள்தான் அவளுடைய பிஎச்.டி. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து அவை எப்படித் தப்பிக்கின்றன என்பது கேள்வி. ஆய்வகத்தில் டியூப்லைட் வெளிச்சத்தில் அடர்த்தியாக வளர்த்தவற்றை, புற ஊதாக் கதிரைத் தடுக்காத குவார்ட்ஸ் குழாய்களில் ஊற்றி, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் படுக்கவைத்திருக்கிறோம். ஆறு குழாய்களின் மேல் அந்தக் கதிரை மட்டும் தடுக்கும் படலம். மற்ற ஆறும் முழு வெயிலில். படலம் போட்டவை முதல் நாளிலிருந்தே நன்றாக இருக்கின்றன. முழு வெயிலில் கிடப்பவற்றில்தான் சோதனையே. இரவல் வாங்கிய கருவிகளை இந்த மாதக் கடைசியில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் அடுத்த வருடம்தான், கையில் குழந்தையோடு.

முப்பத்தொரு வருடம் தாவரவியல் நடத்தியவன். பன்னிரண்டு குழாய்களைப் பார்த்துக்கொள்ள மாட்டேனா?

பிப்ரவரி 4, செவ்வாய்

உச்சிவெயிலில் குழாய்களைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கீழே கட்டிலிலிருந்து உடனே பதில்: "அத்தா, ஒங்க கட்டைவிரல் அழகா இருக்கு. கொழாய் எங்கே?"

பிப்ரவரி 6, வியாழன்

மனசு சரியில்லை. முழு வெயிலில் கிடக்கும் ஆறில் மூன்று முதல் நாட்களிலேயே வெளுத்துவிட்டன. பக்கத்து மூன்றும் பழுப்புப் பச்சையாக, செழிப்பாக இருக்கின்றன. ஒரே தண்ணீர், ஒரே வெயில், ஒரே தொட்டி. நான் ஊற்றும்போது ஏதாவது தப்புச் செய்தேனா? குழாயைச் சரியாகக் கழுவவில்லையா?

மிஸ்பாவிடம் கேட்டேன்.  பொறுமையாகச் சொன்னாள். இந்தப் பாசிகளுக்கு மூன்று வழி உண்டாம். கடலில் என்றால் அலை புரட்டும்போது ஆழத்துக்குப் போய்விடும். நாம் உச்சியில் வீட்டுக்குள் போவது மாதிரி. குழாயில் அது முடியாது. இரண்டாவது, உடம்புக்குள்ளேயே ஒரு திரைப்பொருளைத் தயாரித்துக்கொள்ளும். கதிர் அதில் பட்டுச் சூடாக மாறிப் போய்விடும். மூன்றாவது, கதிர் மரபணுவில் அறுத்ததைத் தைத்துக்கொள்ளும். தைக்கும் நொதிக்கு வெளிச்சமே வேண்டும். வலையைக் கிழிக்கிற வெயிலிலேயே உட்கார்ந்து வலை பின்னுகிற மாதிரி என்று நான் சொன்னேன். "ஆமா, அதான்" என்றாள்.

"திரை தயாரிக்க நாலஞ்சு நாள் ஆகும் அத்தா. அதுவரைக்கும் வெளுக்கத்தான் செய்யும். வெளுத்தது ஏன்னு எனக்குத் தெரியும். மத்த மூணு ஏன் வெளுக்கல?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

தெரிந்துவிட்டது.

ஜும்ஆ முடிந்து வழக்கமாகப் பள்ளிவாசலில் நாலு பேரிடம் பேசிவிட்டு வருவேன். இன்றைக்குக் குழாய் நினைப்பில் நேரே வந்து மாடி ஏறினேன். என் மனைவி ரம்லத் நிற்கிறாள். தொட்டியின் மேல் நனைத்த வெள்ளைத் துப்பட்டி. ஆறுக்கும் எட்டாத துணி, மூன்றைத்தான் மூடியிருக்கிறது.

"என்ன செய்யிறே?"

"வெயில் தாழட்டும், எடுத்துர்றேன்."

இரண்டாம் நாளிலிருந்தே! நான் தொழவும் சாப்பிடவும் கீழே இறங்கினால் இவள் மேலே ஏறி மூடுவாள். நான் திரும்ப வருவதற்குள் எடுத்துவிடுவாள். வாயில் ஏதேதோ வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் அவளிடம் இப்படிக் கத்தியதில்லை. அவளும் விடவில்லை.

"கண்ணு முன்னால வெளுத்துக்கிட்டுக் கெடக்கு. பாத்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா? மொளகா நாத்துக்கு நெழல் போடமாட்டமா? இது செத்துப்போச்சுன்னு கீழ போயி எம்புள்ளகிட்ட யாரு சொல்றது? நீங்களா?"

கீழேயிருந்து மிஸ்பா குரல்: "அங்கிட்டு என்ன சத்தம்?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "ஒண்ணுமில்ல!"

பிப்ரவரி 8, சனி

துணி போடவில்லை. மிஸ்பாவிடம் சொல்லவும் இல்லை. ரம்லத் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "புள்ளை பொறந்தப்பறம் சொல்லிக்கலாங்க. படிப்பு எங்கயும் ஓடிறாது." நானும் சரியென்றேன். நூற்றி அறுபது என்ற எண் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்போது எவன் இல்லையென்பான்?

இன்றைக்குப் படம் அனுப்பவில்லை. கேட்டாள். போனில் சார்ஜ் இல்லை என்றேன். அதே போனை என் கையில் பார்த்துக்கொண்டே "சரி அத்தா" என்றாள்.

மாலையில் 152.

பிப்ரவரி 9, ஞாயிறு

துணி போட்டு வளர்ந்த மூன்றும் போய்விட்டன. ஒன்றரை நாள் வெயில் தாங்கவில்லை. அடியில் பழுப்புத் தூசி, மேலே வெறும் தண்ணீர். ரம்லத் குனிந்து பார்த்துவிட்டு இறங்கிப்போனாள். பக்கத்து மூன்று, முதலில் வெளுத்தவை, நிறம் திரும்பி நிற்கின்றன. ஒளிச்சேர்க்கையை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன். உச்சியில் துவள்கின்றன, சாயந்தரம் தேறிவிடுகின்றன.

மிஸ்பா இன்று படமே கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்திருக்கிறாள். 156. இன்னும் நாலுதான். எதை மறைத்து எதைக் குறைத்தோம் நாங்கள்? ரபீக் வீடியோவில் வந்தபோது அவரிடம் சொல்கிறாள், எனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாக: "புள்ளைக்கு ஏதோ இருக்குன்னு டாக்டர் சொல்லிருக்காங்க போல. ரெண்டு பேரும் என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறாங்க."

அல்லாஹ்! குழாயை மறைக்கப்போய் அவள் எங்கே போய் நிற்கிறாள்!

பிப்ரவரி 10, திங்கள்

ஃபஜ்ரு தொழுதுவிட்டு வந்து அவள் கட்டிலில் உட்கார்ந்தேன். முதல் வார்த்தையாக, குழந்தைக்கு ஒன்றும் இல்லை, டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். துணி, மூன்று குழாய், கத்தியது, சார்ஜ் பொய். ரம்லத் கதவோரம் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மிஸ்பா அழுதாள். முதலில் குழாய்க்காகத்தான் என்று நினைத்தேன். இல்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"துணி எத்தன நாள்? எந்தெந்தக் கொழாய்? ஈரத் துணியா, காஞ்சதா?"

ரம்லத் பதில் சொன்னாள், மாணவி மாதிரி. மிஸ்பா சிரித்துவிட்டாள்.

"அத்தா, ஒங்க பொண்டாட்டி எம் பாசிக்குக் கொடை புடிச்சிருக்கு! நெழல்ல இருந்தது திரையே தயாரிச்சிருக்காது. அதத் திடீர்னு வெயில்ல விட்டா எப்படித் தாங்கும்? செத்ததையும் வடிகட்டித் தாளோட ஃபிரீசர்ல வைங்க. ஒண்ணையும் கொட்டிறாதீங்க."

"எம்மேல கோவமில்லையா?" என்றாள் ரம்லத்.

"இருக்கு. நீ எங்கிட்ட ஒண்ணுமில்லன்னு சொன்ன பாரு, அதுக்கு."

மாலையில் 148.

பிப்ரவரி 12, புதன்

மிஸ்பாவின் வழிகாட்டி புவனேஸ்வரி மேடத்திடம் அவளே போனில் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அந்த மூன்றையும் கணக்கில் சேர்க்க முடியாது, மறுபடி முறையாகச் செய்யத்தான் வேண்டும் என்றாராம். மற்ற ஒன்பதும் செல்லும். கருவியை மே மாதம் இன்னொரு தடவை தருகிறாராம். "துணி மூடுவதையும் ஒரு பிரிவாக வைத்துக்கொள்" என்றும் சொல்லியிருக்கிறார்.

பிப்ரவரி 27, வியாழன்
அறந்தாங்கி, ஆஸ்பத்திரி

திங்கட்கிழமை காலையில் 164. வண்டி பிடித்து வந்தோம். மதியமே ஆபரேஷன். பெண் குழந்தை, இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மிஸ்பா தேறிவிட்டாள். குழந்தை மஞ்சள் காமாலையோடு வேறு அறையில், நீல விளக்கின் கீழ், கண்ணைக் கட்டிக்கொண்டு கிடக்கிறது.

இன்று காலை குழந்தைகள் டாக்டர் என்னை மட்டும் வெளியே அழைத்தார். "மஞ்சள் எதிர்பார்த்த மாதிரி எறங்கல சார். சாயந்தரம் பாப்போம். அப்பவும் கூடியிருந்தா ரத்தம் மாத்த வேண்டி வரலாம், புதுக்கோட்டைக்கு அனுப்பணும். அம்மாகிட்ட பக்குவமாச் சொல்லுங்க."

வராந்தாவில் நின்றுகொண்டு பக்குவமாக ஒரு உதாரணம் தேடினேன். ஒன்றும் வரவில்லை. அப்படியே கதவைத் தள்ளினேன்.

ரம்லத் மிஸ்பாவின் பின்னால் உட்கார்ந்து அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். மிஸ்பாவின் கண்கள் சிவந்திருந்தன.

"டாக்டர் ஒண்ணு சொன்னாரும்மா..." என்று தொடங்கினேன்.

"நர்சு எங்கிட்ட அப்பவே சொல்லிருச்சு" என்றாள் ரம்லத், பின்னுவதை நிறுத்தாமல். "நான் இவகிட்டச் சொல்லிட்டேங்க. ரத்தம் மாத்தற வரைக்கும் எல்லாத்தையும்."

மிஸ்பா என்னைப் பார்த்தாள்.

"இப்ப எவ்வளவாம் அத்தா? நேத்து எவ்வளவாம்? கேக்காம வந்துட்டீங்களா?"

கேட்காமல்தான் வந்திருந்தேன். திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு வந்து சொன்னேன்.

மாலையில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். நர்ஸ் காகிதத்தோடு வந்ததும் நானும் ரம்லத்தும் எழுந்தோம். மஞ்சள் குறைய ஆரம்பித்துவிட்டது. புதுக்கோட்டை போக வேண்டாம். நான் செருப்பைத் தேடுவதற்குள் ரம்லத் வெறுங்காலோடு மிஸ்பாவின் அறைக்குள் போய்விட்டாள்.