விசில் ஊத ஆள் தேவை

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மைதானமே உங்களைக் ‘குருட்டுக் கொக்கு’ என்று கூப்பிட்டதே, அந்தப் பேரை முதலில் கத்தியது நான்தான். விளையாட்டுக்குச் சொன்னேன். கால் நீளம், பேர் ஒட்டிக்கொண்டது.

கூட்டம் உங்களை அடித்தது தப்புதான். அதற்காக விசிலைத் திருப்பிக் கொடுத்து, தங்கச்சியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வெளியூர் போவதா? போனையும் அணைத்துவிட்டீர்கள். நாலாம் வகுப்போடு நின்றவனைக் கடிதம் எழுத வைத்துவிட்டீர்கள்.

நடுவர் பிடிக்கும் வேலையைக் கால்பந்துச் சங்கம் என் தலையில் கட்டியிருக்கிறது. ஏழு பேரைப் பிடித்தேன். ஆறு பேர் ஓடிவிட்டார்கள். மிச்சம் ஒருவர் தபால்காரர். பாதி ஆட்டத்தில் விசிலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கூட்டத்தோடு உட்கார்ந்து, அடுத்து வந்தவரைத் திட்ட ஆரம்பித்தார். “இந்தப் பக்கம்தாங்க சுகமா இருக்கு” என்றார்.

அடுத்த மாதம் இறுதி ஆட்டம். நடுவர் இல்லையென்றால் போட்டியையே மூடிவிடுவார்கள். வாருங்கள். திட்டு உடம்பிலா ஒட்டப்போகிறது? கண்ணோர வீக்கமும் இந்நேரம் வடிந்திருக்கும்.

அன்பு மச்சான்

மார்ச் 11

மச்சானுக்கு,

நான் சொல்லச் சொல்ல உங்கள் தங்கச்சி எழுதுகிறாள். இடது கண் போய்விட்டது. வலது கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்கிறார் மருத்துவர். அதனால் உங்கள் கடிதத்தைப் பிள்ளைதான் சத்தமாக வாசித்தாள். முதல் வரியிலிருந்து. பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் அவளைக் ‘கொக்குக் குஞ்சு’ என்று கூப்பிட்டார்கள். பேர் எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் அவளுக்குத் தெரியும்.

நாலு பேர் என்னைக் கீழே தள்ளி மிதித்தபோது, “கொக்கு மாட்டிக்கிச்சுடா” என்று ஒரு குரல் கேட்டது. எனக்குப் பழகிய குரல்.

நான் வரமாட்டேன். உங்கள் தங்கச்சியிடம் ஏதாவது சேர்க்கிறாயா என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்கிறாள்.

ஏப்ரல் 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நான் அனுப்பிய மூன்று கடிதங்களும் பிரிக்காமல் திரும்பிவிட்டன. உறைமேல் ‘வேண்டாம்’ என்று பிள்ளையின் கையெழுத்து. அழகாக எழுதுகிறாள். இதுவும் திரும்பும். அதனால் பயமில்லாமல் எழுதலாம்.

அந்தக் குரல் என்னுடையதுதான். சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

நேற்று இறுதி ஆட்டம். ஆள் கிடைக்காமல் நானே ஊதினேன். ஐந்தாவது நிமிடமே எனக்கு ஒரு பேர் வைத்துவிட்டார்கள். பிள்ளை கையில் இது கிடைத்தாலும் கிடைக்கும் என்று அதை எழுதவில்லை. என் வீட்டுக்காரியும் கூட்டத்தில் இருந்தாள். அந்தப் பேருக்குச் சிரித்தாள். தப்புச் சொல்ல முடியாது, பொருத்தமான பேர்.

கடைசியில் ஒரு பெனால்டி கொடுத்தேன். சரியான பெனால்டிதான். அரைச் செங்கல் ஒன்று வந்தது. முன்பல் இரண்டு விழுந்தன. ஒன்று கிடைத்தது. மற்றதைத் தேட நேரமில்லை என்று ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

மச்சான்