சோறும் மயிலும்

அக்கா,

இன்று காலை என் மகனின் ஸ்கூல் பையைத் திறந்தேன். வெள்ளிக்கிழமை கொண்டுபோன மோர் பாட்டில் அடியில் கிடந்தது. மூடியைத் திருகியதும் புளித்த நாற்றம் முகத்தில் அடித்தது. முதலில் உங்கள் சிரிப்பு ஞாபகம் வந்தது. அடுத்த நொடியே பழைய பொறாமை. செத்துப்போனவர்மேல் பொறாமைப்படுவது கேவலம். தெரிந்துதான் எழுதுகிறேன்.

டெல்லி ஜனக்புரியில் நாம் எதிரெதிர் வீடு. உங்கள் மகளும் என் மகனும் ஒரே வகுப்பு. நாகர்கோவிலிலிருந்து நர்ஸாக வந்த நீங்கள் இந்தியில் சண்டையே போடுவீர்கள். மதுரையிலிருந்து வந்த எனக்கு ஆட்டோவுக்கு வழி சொல்லும் அளவுக்குத்தான் இந்தி. அதை வைத்துக்கொண்டுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து சாப்பிடும் நாள். யார் என்ன கொண்டுவருகிறீர்கள் என்று டீச்சர் பெற்றோர் குரூப்பில் கேட்டிருந்தார். நான் மெட்ரோ படிக்கட்டில் ஓடிக்கொண்டே போனை அழுத்தி, "மேம், சாவல் அவுர் மோர்" என்று குரல் பதிவு போட்டேன். சோறும் மோரும் என்றுதான் நினைத்தேன். இந்தியில் மோர் என்றால் மயில் என்று எனக்கு யார் சொன்னார்கள்? உடனே ஒரு அம்மா மயில் படம் போட்டாள். இன்னொருத்தி இரண்டு மயில். முருகன் ஊர்க்காரி என்று மரியாதை செய்கிறார்கள்போல என்று நானும் கைகூப்பும் படம் போட்டேன்.

சாயங்காலம் உங்களிடம் சொன்னபோது நீங்கள் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். "முருகன் வண்டியவா பிள்ளே டிபன் பாக்ஸ்ல அடைச்சா?"

என் மகன் சிரிக்கவில்லை. வகுப்பிலிருந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகளையும் மற்றவர்கள் "மோர், மோர்" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். என் போனை வாங்கி அந்தப் பதிவைக் கேட்டான். "இனிமே நீ குரூப்ல பேசாத மம்மி. பி.டி.எம்.முக்கும் வராத. ஆன்ட்டி வரட்டும்" என்றான். ஆன்ட்டி என்றால் நீங்கள். அன்றைக்கு உங்களை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று உங்களுக்குத் தெரியாது.

ஆனாலும் அந்தப் பெற்றோர்-டீச்சர் கூட்டத்துக்கு வந்தேன். நாம் இருவரும் பக்கத்தில் நின்றோம். ஒரு அம்மா நம் இருவரையும் பார்த்து, "வோ மோர்வாலி மதராசி கோன் தி?" என்றாள். மயில்காரி யார் என்று கேள்வி. ஒரு வருடமாகப் பார்க்கிறாள். நைட் ட்யூட்டி முடித்து யூனிஃபார்மோடு வரும் உங்களையும், லேப்டாப் பையோடு ஓடிவரும் என்னையும் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தோன்றியதே இல்லை. ஒரு மதராசி போதும் அவர்களுக்கு.

நான் வாயைத் திறக்குமுன் நீங்கள் கையைத் தூக்கிவிட்டீர்கள். "மே தி!" நான்தான் என்று.

பிறகு நடித்தே காட்டினீர்கள். மயிலைப் பிடித்து, உப்புப் போட்டு, பெருங்காயம் போட்டு, பாட்டிலில் அடைத்துக் குலுக்கி, இறகு மட்டும் மூடியில் மாட்டிக்கொண்ட கதை. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதோடு கேலியும் நின்றது. வீட்டுக்கு நடக்கும்போது என் மகன் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டான். என் கையில் அவன் பை இருந்தது.

படிக்கட்டில் கேட்டேன், "என் கதைய ஏன்க்கா எடுத்தீங்க?"

"உங்கிட்ட இருந்தா நீ அதை வச்சு அழுவ. எங்கிட்ட இருந்தா நாலு பேரு சிரிப்பாவ. உனக்குச் சிரிக்க வந்ததும் திருப்பித் தாரேன் மக்ளே."

நான்கு நாள் உங்களோடு பேசவில்லை.

உங்களுக்கு எதுவுமே அவமானமாகத் தெரிந்ததில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் என் லேப்டாப்போடு சேர்ந்து மகனின் ஜட்டியும் மேசைமேல் விழுந்த அன்று நான் வேலையை விட்டுவிடுவதாக இருந்தேன். நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "துவைச்சதுதானே? பிறகென்ன?" எனக்கு அது ஒருநாளும் வராது. எனக்குக் கோபம்தான் வரும். நாம்தான் உளறுகிறோம், நாம்தான் கைதவறிக் கொட்டுகிறோம். நம் வீட்டு ஆண்களிடம் இப்படி ஒரு கதைகூடக் கிடையாது. பிள்ளைகளுக்காக வந்து நின்றால்தானே உளறுவதற்கு?

போன குளிரில் காய்ச்சலோடு ட்யூட்டிக்குப் போனீர்கள். "எனக்குப் பதிலா ஆளில்லை பிள்ளே." ஒரே வாரம். கதையைத் திருப்பித் தராமலே போய்விட்டீர்கள்.

நேற்று முன்தினம் சனிக்கிழமை, பி.டி.எம். உங்கள் வீட்டுக்காரர் மகளோடு வந்திருந்தார். அஞ்சாம் வகுப்பு எந்த மாடி என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு மாடியை மட்டும் சொன்னேன்.

புது டீச்சர் உங்கள் மகளைப் பார்த்ததும், "அந்த மயில் கதை சொன்னது உன் அம்மாவா? ஸ்டாஃப் ரூமில் இன்னும் சொல்லிச் சிரிப்போம்" என்றார், இந்தியில்.

"ஹாங் மேம்! மேரி மம்மா!" ஆமாம், என் அம்மாதான் என்றாள் உங்கள் மகள். நிமிர்ந்து நின்று சிரித்தாள். நீங்கள் போனபின் அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

'வோ மே தி', அது நான்தான் என்பது என் நாக்கு நுனியில் நின்றது. பொய் இல்லை அக்கா, பாதி வாய் திறந்துவிட்டேன். என் மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மூடிக்கொண்டேன்.

திரும்பும்போது ஈ-ரிக்‌ஷாவில் கேட்டான்.

"மம்மி, அந்த மோர் உன்னோடதுதானே?"

"ஆமா."

"அவளுக்குக் குடுத்துட்டியா?"

"ம்."

"பக்கா?"

"பக்காடா."

"அச்சா, அப்போ அடுத்த பி.டி.எம்.ல நீ வேற ஏதாவது தப்பாப் பேசு."

நான் சிரித்த சிரிப்பில் ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்த்தார்.

முழுமனதாகக் கொடுத்தேன் என்று நினைக்காதீர்கள். நேற்றுக்கூட, கையைத் தூக்கியிருக்கலாமே என்று ஒருமுறை தோன்றியது. இன்று காலை பாட்டிலைச் சோப்புப் போட்டுக் கழுவி, மறுபடி மோர் ஊற்றினேன். மூடுவதற்குமுன், மூடியில் இறகு மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.