அண்ணியின் தலையில் கட்டிய ஹீலர்

ஜூன் 8, 2025

ஞாயிறு. மழை. அண்ணன் நேற்றுக் கப்பலேறிப் போனான். நிகோபார் பக்கம் சரக்கு இறக்கிவிட்டு எப்போது திரும்புவான் என்று கப்பல்காரர்களுக்கே தெரியாது. கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. அருப்புக்கோட்டையில் பி.எஸ்சி. முடித்த வைஜெயந்தி அண்ணி, அந்தமானில் இந்தப் பாம்பூஃப்ளாட்டுக்கு வந்து இதுவரை பார்த்தது இந்த வீடு, முக்குக் கடை, ஃபெரி ஏறுகிற ஜெட்டி. அம்மா அவளைத் திட்டுவதே இல்லை. "நம்ம பிள்ளை மாதிரி" என்பாள். பிள்ளை நானும்தான். நான் சாப்பிட்ட தட்டையும் அண்ணிதான் கழுவுகிறாள்.

மத்தியானம் நான் போனில் விளையாடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள், "நானும் உள்ள வரலாமா ப்ரியா?" என்று கேட்டாள். அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். முதலில் என்ன ஆளாக இருக்கப் போகிறோம் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். வில்லாளி, மந்திரக்காரி, ஹீலர் எல்லோரையும் தள்ளிவிட்டுக் கோடாலிக்காரியிடம் நின்றுவிட்டாள்.

"இவதான். பாரேன், இவ ஒருத்திதான் யாரையும் பாத்துச் சிரிக்கல."

"அது கஷ்டம் அண்ணி. புதுசா வர்றவங்களுக்கு ஹீலர்தான் ஈசி. பின்னாடி நின்னு, அடிபட்டவங்களுக்கு உயிர் ஏத்தினா போதும்."

விரல் கொஞ்ச நேரம் கோடாலி மேலேயே இருந்தது. அப்புறம், "நீ சொன்னா சரி" என்றாள்.

நான் சொன்னது பொய். இணையத்தில் 'புதியவர்களுக்கு ஏற்றது ஹீலர்' என்று எழுதுகிறவர்கள் எல்லோரும் மெயின்லேண்டுக்காரர்கள். அவர்கள் நெட் வேறு. நம் தீவு நெட்டில், ஒருவனுக்கு அடி விழுந்ததைத் திரை காட்டும்போதே அங்கே அவன் செத்திருப்பான். வைத்தியம் பிணத்துக்குத்தான் போய்ச் சேரும். கோடாலிக்காரிக்கு அந்தத் தொல்லை கிடையாது. நின்று அடி வாங்குவாள், திருப்பி அடிப்பாள், கொஞ்சம் தாமதமானாலும் ஒன்றும் ஆகாது. இங்கே புதிதாக வருகிறவர்களுக்கு அவள்தான் சரி. இது எங்கள் குழுவில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் எங்களிடம் ஹீலரே இல்லை.

குழுத் தலைவன் மாயாபந்தர் நந்தகுமார் முந்தாநாள் சொன்னான்: "ஹீலர் இல்லாம கேம்ல கீழ்க்குகைக்குள்ள விட மாட்டேங்குது. யாரையாவது புடிச்சுட்டு வா."

பிடித்துவிட்டேன்.

ஜூன் 11

குழுவில் எல்லோரும் அவளை இந்தியில் 'பாபி', அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிறார்கள். சந்தோஷமாக இருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை — இல்லை, நன்றாகவே இறங்கியது. மீன் குழம்பு. இங்கேயாவது பொய் எழுத வேண்டாம்.

ஜூன் 15

கீழ்க்குகை. முதல் அறையிலேயே மூன்று பேர் காலி. டிக்லிபூர் சுபல் மைக்கில் கத்தினான்: "அரே பாபி, ஸோ கயீ க்யா?"

அண்ணிக்கு இந்தி இன்னும் பிடிபடவில்லை. "என்ன சொல்றார்?"

"தூங்கிட்டீங்களான்னு கேக்குறான்."

"தூங்கலியே! அமுக்கினேனே. அவர் மேல அடி விழுந்த உடனே அமுக்கினேன் ப்ரியா."

அமுக்கினாள். நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன், சரியாக அமுக்கியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு, "பரவாயில்ல அண்ணி, பழகிடும்" என்றேன்.

ஜூன் 18

ஆபீசில் சந்திரமோகன் சார் தன் ஃபைல்களை எங்கள் மேஜைக்குத் தள்ளிவிட்டு, "நீங்க சின்னப் பிள்ளைங்க, உங்களுக்கு இது ஈசி" என்றார். அவர் பெர்மனெண்ட், நாங்கள் கான்ட்ராக்ட். சம்பளம் அவருக்கு, கண்வலி எங்களுக்கு. சாத்தம் ஜெட்டியில் ஃபெரிக்கு நிற்கும்போதே ஆரம்பித்து, பக்கத்தில் நின்ற பெண்ணிடம் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டேன். உங்களுக்கு ஈசியாம்! வேலையைத் தலையில் கட்டுகிறவன் எல்லோரும் இதைத்தான் சொல்கிறான் —

படகு நடுத் துறைமுகத்தில் இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். அந்தப் பெண், "அப்புறம்?" என்றாள். அப்புறம் ஒன்றுமில்லை.

ஜூன் 22

சோறு கொதிக்கும்போது போனை மிளகாய்ப்பொடி டப்பா மேல் சாய்த்துவைத்துப் பயிற்சி எடுக்கிறாள். "முதல்ல அடுப்பப் பாரு, பேயை அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறாள் அம்மா. அண்ணி சிரிக்கிறாள். ஆனால் தோற்ற ஆட்டங்களைத் திரும்பப் போட்டு எங்கே தப்பு செய்தோம் என்று தேடுகிறாள். எங்கே தேடினாலும் கிடைக்காது. தப்பு என்னிடம் இருக்கிறது.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம்தானே. ஆனால் சனிக்கிழமை மறுபடியும் குகை. ஹீலர் போனால் யாரும் உள்ளே போக முடியாது. குகை முடிந்ததும் சொல்கிறேன்.

ஜூன் 28

முடியவில்லை. கடைசி அறையில் எல்லோரும் செத்தோம். நந்தகுமார் தமிழிலேயே சொன்னான், அவளுக்குப் புரியட்டும் என்று: "தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. உங்களுக்குக் கை ஸ்லோ. உங்களாலதான் டீமே போச்சு."

அவனுக்கும் தெரியும், நெட்டுதான் காரணம் என்று. என் மைக்கை அணைத்துவைத்திருந்தேன். ஆன் செய்ய ஒரு பொத்தான் போதும். அமுக்கவில்லை. யாருக்குக் கை ஸ்லோ?

ஜூலை 1

அண்ணன் போன் செய்தான். விம்பர்லிகஞ்சில் ஒரு நர்சரிப் பள்ளிக்கு டீச்சர் வேண்டுமாம். அண்ணி போகட்டும், ப்ரியா ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கட்டும் என்றான். இந்த வீட்டில் எவனுக்காவது இப்படித் தோன்றியதே அதிசயம். நான் சாவியை எடுத்துக்கொண்டு நின்றேன்.

"வேணாம் ப்ரியா. எனக்குக் கை ஸ்லோன்னு தெரிஞ்சுபோச்சுல்ல. ஒரு பொம்மையையே காப்பாத்த முடியல. ரோட்டுல யார் மேலயாவது ஏத்திருவேன்."

"அதெல்லாம் விளையாட்டு அண்ணி."

"அதேதான். விளையாட்டுலயே முடியல."

அம்மாவுக்குப் பூரிப்பு. "அவளே சொல்லிட்டா பாரு. பொம்பளப் பிள்ளைக்குத் தன் அளவு தெரியணும்."

அந்த அளவை எடுத்துக் கொடுத்தவள் நான்.

ஜூலை 2

காற்று பலம். ஃபெரி ஓடவில்லை, ஆபீஸ் இல்லை. அண்ணி பின்கட்டில் மீன் அரிந்துகொண்டிருந்தாள். எதிரே குத்தவைத்துச் சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. உங்கள் கை நல்ல வேகம். இந்த நெட்டில் ஹீலராக யாராலும் முடியாது. எனக்குத் தெரியும்.

"எப்ப தெரிஞ்சது?"

"முதல் நாளே."

கத்தி நின்றது. "தெரிஞ்சேவா சொன்ன, ஈசின்னு?"

"ஆள் இல்ல அண்ணி. குகைக்குப் போகணும்னு..."

"உங்கம்மா வேலைன்னு சொல்லி வேலை குடுக்குறாங்க. அதுல ஒரு நேர்மை இருக்கு." குரலை உயர்த்தவே இல்லை. "நீ தினமும் ஆபீஸ்லேருந்து வந்து கத்துவ. அநியாயம், அக்கிரமம்னு. இந்த வீட்ல ஒரு ஆளு இருக்குன்னு நெனச்சேன் நான்."

ஸாரி என்றேன். "மீன் நாறுது, தள்ளிக்க" என்றாள்.

ராத்திரி எல்லோருக்கும் போலவே எனக்கும் பரிமாறினாள். எனக்கு நடுத்துண்டு. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். கரண்டியால் ஒரு போடு போட்டிருக்கலாம்! நடுத்துண்டை ஏன் வைத்தாள்? சாப்பிட்டுவிட்டு எல்லாத் தட்டையும் நான் கழுவினேன். அம்மா வாசற்படியில் நின்று, "என்னடி, ஒடம்பு சரியில்லையா?" என்றாள்.

ஜூலை 5

என் வில்லாளியை அழித்துவிட்டு ஹீலர் எடுத்தேன். நந்தகுமார், "பாகல் ஆயிட்டியா, பைத்தியமா? அவ்வளவு லெவல் ஏத்தி வச்சிருந்த!" என்றான்.

"ஆள் புடிக்கச் சொன்னேல்ல. புடிச்சாச்சு. இனி அண்ணியப் பத்தி வாயத் தொறந்தே, உன் குழுவே வேணாம்."

இதைத் தியாகம் என்று எழுதினால் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். காலியாக இருந்த இடம். நிரப்பினேன்.

ஜூலை 13

அண்ணி மறுபடியும் ஆட்டத்துக்குள் வந்திருக்கிறாள். புது ஆள் — கோடாலி. தனியாகச் சுற்றுகிறாள். சேர்ந்து போகலாமா என்று அழைப்பு அனுப்பினேன். மறுத்தாள். அடுத்த அறையில் இருந்துகொண்டு.

ஜூலை 20

ஸ்கூட்டர் கற்றுக்கொள்கிறாள். பக்கத்து வீட்டு ஜெயராணி அக்காவிடம், அவருடைய வண்டியில். என் வண்டி வாசலில் மழையில் நனைந்துகொண்டு நிற்கிறது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்க மாட்டாள். ஜெயராணி அக்கா என்னிடம், "உங்க அண்ணிக்குக் கை சூப்பர்டி, பிரேக்க எப்படிப் புடிக்கிறாங்க தெரியுமா!" என்கிறார். தெரியும் அக்கா. எனக்கு முன்னமே தெரியும்.

ஆகஸ்ட் 3

போன வாரம் நந்தகுமார் அவளிடம் மன்னிப்புக் கேட்டுக் குழுவுக்குக் கூப்பிட்டான். வந்தாள். என்னோடு, விளையாட்டுக்குத் தேவையானதை மட்டும் பேசுகிறாள். இன்று குகையில் அவள்தான் முன்னால் நின்றாள். என் வைத்தியம் தாமதமாகவே போனது. சுபல் இப்போது என்னைப் பார்த்துக் கத்துகிறான். அவள் இரண்டு தரம் செத்தாள், எழுந்தாள், மறுபடியும் முன்னால் போய் நின்றாள்.

முடியும் நேரத்தில் தமிழரசி என்று ஒரு புதுப்பெண் வந்தாள், நந்தகுமாரின் சொந்தக்காரி. எதை எடுத்தால் ஈசி என்று கேட்டாள். "புதுசுக்கு ஹீலர்தாம்மா..." என்று நந்தகுமார் ஆரம்பித்தான். இரண்டு ஹீலர் இருந்தால் அவனுக்கு நல்லது.

அண்ணி குறுக்கே புகுந்தாள். "உனக்கு எது புடிச்சிருக்கு?"

"தெரியலக்கா... அந்த நெருப்பு வீசுறவ நல்லாருக்கா."

"அப்ப அவளையே எடு. ஹீலர் வேலைக்கு இங்க ஆள் இருக்கு."

அடுத்த அறையிலிருந்து அவள் குரல் சுவர் வழியாக முதலில் கேட்டது. போனில் அப்புறம் வந்தது.