வராமல் போன பதினான்கு பேர்

பொள்ளாச்சி
12.3.2001

டாக்டர் சரசா பாலசுப்ரமணியன் அவர்களுக்கு,

என்னைத் தங்களுக்குத் தெரியாது. என் கட்டுரையைத் தெரியும். சர்க்கரை நோயாளிகளின் ஆறாத கால் புண்ணுக்கு நான் தயாரித்த களிம்பைப் பற்றி லண்டன் இதழுக்கு எழுதியிருந்தேன். "இந்த நிலையில் வெளியிடத் தக்கதல்ல" என்று மதிப்பிட்டு, கீழே தங்கள் பெயரையும் விலாசத்தையும் போட்டிருக்கிறீர்கள். முப்பது வருடத்தில் என்னை மறுத்தவர் யாரும் பெயர் சொன்னதில்லை. மதிப்பிடுகிறவர் கையெழுத்திட வேண்டும் என்பது அந்த இதழின் புது விதியாம். நல்லதாகப் போயிற்று. தமிழ்ப் பெயராக இருப்பதால் தமிழிலேயே கோபித்துக்கொள்கிறேன்.

களிம்பு போட்ட அறுபது பேரில் பதினான்கு பேர் பாதியில் வராமல் போனார்கள். அவர்களைக் கணக்கில் விட்டது தவறு என்கிறீர்கள். புண் ஆறியவன் எதற்கு அம்மணி திரும்பி வருவான்? புனேயில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?

இப்படிக்கு,
கு. சுந்தரமூர்த்தி


புனே
24.3.2001

டாக்டர் சுந்தரமூர்த்தி அவர்களுக்கு வணக்கம்.

திருத்தி அனுப்ப வழியிருப்பதால் கட்டுரை இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது. அந்த நிலையில் நாம் ரகசியமாக எழுதிக்கொள்வது முறையல்ல. அதனால் உங்கள் கடிதத்தையும் இந்தப் பதிலையும் ஆங்கிலத்தில் பெயர்த்து இதழாசிரியருக்கு அனுப்பிவிட்டேன். கம்ப்யூட்டர் விஷயத்தையும் விடவில்லை.

கேம்ப் பகுதியில் உள்ள எங்கள் மருத்துவப் புள்ளிவிவர அலுவலகத்தில் எல்லோரும் தடுத்தார்கள். பேர் போட்டு எதற்கு வம்பு என்றார் மேலதிகாரி. என் வீட்டுக்காரர்கூட, "நாளைக்கு உன் பேப்பர் அவர் கையில போய் மாட்டினா என்ன பண்ணுவே?" என்று கேட்டார். "ஒழுங்காப் பார்த்தார்னா எனக்கு நல்லதுதானே" என்றேன். உண்மையைச் சொல்கிறேன்: கையெழுத்துப் போட வேண்டும் என்றதால்தான் உங்கள் கட்டுரையை நான்கு முறை படித்தேன். மறைந்திருந்து எழுதியிருந்தால் ஒரு தடவையோடு விட்டிருப்பேன்.

பதினான்கு பேருக்கும் ஆறியிருக்கலாம். அது எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவர்கள் விலாசம் உங்களிடம் இருக்கிறது. போய்ப் பாருங்கள். நான் சந்தேகப்பட்டது வீண் என்றால், அதையும் பெயர் போட்டே எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
சரசா


பொள்ளாச்சி
30.6.2001

மதிப்பிற்குரிய அம்மணி,

பார்த்துவிட்டேன். நர்ஸ் மும்தாஜைக் கூட்டிக்கொண்டு ஞாயிறுதோறும் பஸ் ஏறினேன். தங்களைப் பொய்யாக்கத்தான் கிளம்பினேன்.

மூன்று பேருக்கு ஆறியிருந்தது. ஆறு பேருக்கு ஆறாமல் வேறு டாக்டர்களிடம் போயிருக்கிறார்கள். ஐந்து பேருக்குக் காலை எடுத்தாகிவிட்டது.

நெகமத்துப் பக்கம் ஒரு தறிக்காரர் என்னைக் கண்டதும் வேட்டியை இழுத்து, முழங்காலோடு நின்றுபோன காலை மூடிக்கொண்டார். "ஏனுங்க எங்கிட்ட வரலை?" என்றேன்.

"நீங்க அத்தனை பிரியமாப் பார்த்தீங்க. உங்க மருந்து கேக்கலைன்னு எப்படிங்க வந்து சொல்றது? மனசு நொந்துக்குவீங்கல்ல."

அவர் மனைவி மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். திரும்பும்போது மும்தாஜிடம், "உனக்குக் களிம்பு மேல சந்தேகம் இருந்துச்சா?" என்று கேட்டேன். "இருந்துச்சுங்க சார்" என்றாள்.

எல்லோரையும் சேர்த்தால், ஒப்பிட்டுப் பார்க்க வெறும் உப்புநீர்க் கட்டுப் போட்டவர்களுக்கும் என் களிம்புக்கும் வித்தியாசமே இல்லை. கட்டுரையைத் திரும்பப் பெறலாமென்று இருக்கிறேன். வெளியிட்டே ஆக வேண்டும் என்றால், எழுதியவர்களில் ஒருவராகத் தங்கள் பெயரும் வர வேண்டும்.

தங்கள்,
சுந்தரமூர்த்தி


புனே
14.7.2001

அன்புள்ள டாக்டர் ஐயா,

திரும்பப் பெறாதீர்கள். பலிக்கவில்லை என்பதும் ஒரு முடிவுதான். நீங்கள் எழுதாவிட்டால், இன்னொரு ஊரில் இன்னொரு நல்ல டாக்டர் அதே களிம்பைக் கிண்டுவார்.

எழுதியவர்களோடு என் பெயர் மேலே வேண்டாம். மேலே ஏறினால் மதிப்பிட்டுக் கீழே போட்ட கையெழுத்துக்கு மதிப்பிருக்காது. நான் கடுமையாக எழுதிய முதல் மதிப்பீட்டு அறிக்கையும், இனி எழுதப்போவதும் உங்கள் கட்டுரையோடு சேர்ந்தே அச்சாகும். அது எனக்குப் போதும். விட்டுப்போன நோயாளிகளை வீடு வீடாகத் தேடிப்போன வேறு டாக்டரை நான் அறியேன். அதை ஒளிக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். மும்தாஜ் பெயரையும் சேருங்கள்.

இங்கே நல்ல மழை. கடக்வாஸ்லா அணை நிரம்பி வழிகிறது. உங்களால் ஒரு தொல்லை: உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து என் வீட்டுக்காரர் என்னை அம்மணி என்றுதான் கூப்பிடுகிறார்.

அன்புடன்,
சரசா


பொள்ளாச்சி
18.2.2002

அன்புள்ள அம்மணி,

கட்டுரை வந்துவிட்டது. மும்தாஜ் தன் பெயரை மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். தங்கள் முதல் அறிக்கையை இங்குள்ள டாக்டர்கள் சங்கத்தில் நானே படித்துக் காட்டினேன், பலர் நெளிந்தார்கள். களிம்பைத் தயாரிக்க இருந்த கம்பெனி விலகிக்கொண்டது. போகட்டும்.

ஆறாவிட்டால் என்னிடமே வந்து சொல்லுங்கள், எனக்கு வருத்தமில்லை என்று முதல் நாளே எல்லோரிடமும் சொல்கிறேன். யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. போன செவ்வாய்க்கிழமை ஒரு லாரி டிரைவர் வந்தார். கட்டுப் போட்டு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. வரிசையில் இருபது பேர் பார்க்க, "உங்க வைத்தியம் ஒண்ணும் சரியில்லீங்க டாக்டர், கால் நாறுது" என்றார். மும்தாஜ் அதட்ட எழுந்தாள். அவருக்கு நாற்காலி போடச் சொன்னேன்.

கட்டைப் பிரித்துப் பார்த்ததும் அன்றே கோவைக்கு அனுப்பினேன். ஒரு விரலோடு போயிற்று. கால் இருக்கிறது.

தங்கள்,
சுந்தரமூர்த்தி