டைகர் குரைத்தால் அதட்டாதீர்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, தாரணி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்குத் தூக்கம் வருகிறதா? ஜெர்மனிக் குளிர் எனக்குப் பழகிவிட்டது.

போனில், "அங்க என்னதான் சாமி பண்றே?" என்று கேட்டீர்கள். நம் கோழிகளைக் கொல்லுகிற வெள்ளைக்கழிச்சல் வைரஸைத்தான் ஆராய்கிறேன். வைரஸ் நுழைந்ததும் கோழியின் செல், பக்கத்துச் செல்களுக்கு எச்சரிக்கை அனுப்பும். வைரஸின் புரதம் ஒன்று அந்தக் குரலை அடக்கிவிடுகிறது. திருடன் நாய்க்கு வாய்க்கட்டு போட்டுவிட்டுத்தான் பண்ணைக்குள் இறங்குவான் என்பீர்களே, அதேதான். போன வாரம் அந்தப் புரதத்தை முடக்கிய வைரஸைச் செல்களுக்குள் விட்டுப் பார்த்தோம். செல்கள் ஊரையே கூட்டிவிட்டன. வைரஸால் பரவ முடியவில்லை. நம் டைகர் குரைத்து ஊரைக் கூட்டுவது ஞாபகம் வந்து சிரித்தேன். ஏன் என்று இங்கே யாரிடம் சொல்வது?

தை மாதம் வருகிறேன். ஆனால் இந்த வைரஸோடு வேலை செய்கிறவர்கள் லேபை விட்டு வந்தபின் ஒரு வாரம் கோழிப் பக்கமே போகக்கூடாது என்பது எங்கள் லேப் விதி. நம் வீடோ பண்ணைக்குள் இருக்கிறது. மருந்துத் தண்ணீரில் கால் நனைக்காமல் மாமாவையே உள்ளே விடாதவர் நீங்கள், கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். அதுவரை சேந்தமங்கலத்தில் சித்தி வீட்டில் இருப்பேன். அம்மாவைக் கொள்ளுப்பருப்பு கடைந்து தூக்குப்போசியில் எடுத்துவரச் சொல்லுங்கள்.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வரும் நேரமாகிவிட்டது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வந்த அன்றைக்கே ரோட்டில் நின்று வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுப் போவேன். டைகர் என்னை மறந்துபோய்க் குரைத்தால் அதட்டாதீர்கள். அது குரைக்கட்டும் அப்பா.

தாரணி