அம்மை இறங்கிய வீட்டில் இறங்காத தாள்

அனுப்புநர்:
இருளாயி, க/பெ சின்னையா,
முறுக்கு, கச்சான் கடலை வியாபாரம்,
கோயில் பின்வரிசை, புந்தோங், ஈப்போ.

பெறுநர்:
சுகாதார அதிகாரி அவர்கள், ஈப்போ.

பொருள்: எங்கள் கதவில் ஒட்டியுள்ள ‘தொற்றுநோய்’ அறிவிப்பை எடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் என் எட்டு வயது மகள் நவமணிக்கு அம்மை போட்டிருந்தது. வழக்கப்படி வாசல் நிலையில் வேப்பிலை செருகினோம். அதைக் கண்டு உள்ளே வந்த சுகாதார இன்ஸ்பெக்டர், பெரியம்மையோ என்று ஐயப்பட்டு, ‘தொற்றுநோய், உள்ளே வராதீர்’ என்று மலாயிலும் தமிழிலும் எழுதிய தாளை ஒட்டிச் சென்றார். அவர் கடமையைக் குறை கூறவில்லை. பிறகு மருத்துவர் பார்த்து, வெறும் சின்னம்மைதான் என்று சொல்லிவிட்டார்.

2. அம்மை இறங்கி, பிள்ளைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றிய அன்று வேப்பிலையை எடுத்து ஆற்றில் விட்டேன். கூடவே அந்தத் தாளையும் விட்டுவிட்டேன். இரண்டும் ஒரே காரியத்துக்கு வந்தவை, ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று நினைத்தேன். அரசாங்கத் தாளைக் கிழித்தது குற்றம் என்று இன்ஸ்பெக்டர் கோபித்து, புதுத் தாள் ஒட்டி, மேலதிகாரி உத்தரவு இல்லாமல் எடுக்கக்கூடாது என்றார். பல தடவை வந்தும் தங்களைப் பார்க்க முடியவில்லை.

3. தொற்று என்ற சொல் எங்களுக்குப் புதிதல்ல. கண்வலிக்கும் சொல்வோம், சிரங்குக்கும் சொல்வோம். ஒருத்தி கொட்டாவி விட்டால் அடுத்தவளுக்கும் தொற்றிக்கொண்டது என்று சிரிப்போம். எல்லாம் நாலு நாளில் மறந்துபோகிற பேச்சு. எழுதி ஒட்டியபின் யாரும் மறப்பதில்லை. வேப்பிலை இருந்தபோது வாசலில் இளநீர் வைத்துப் போனவர்கள், இப்போது எதிர்ப்பக்கமாக நடக்கிறார்கள். எங்களுக்குத் ‘தொற்று வீடு’ என்று பெயராகிவிட்டது. கடைக்கார அபுபக்கர் அண்ணன் என் முறுக்கை வாங்குவதில்லை. பள்ளிக்கூடத்தில், முதலில் தாள் இறங்கட்டும் என்கிறார்கள்.

4. இதையெல்லாம் பொறுத்துக்கொள்வேன். ஆனால் நவமணிக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். தினமும் அந்தக் கதவை வாசிக்கிறாள். தட்டைத் தனியாக வைத்துக்கொள்கிறாள். நேற்றுத் தலை வாரக் கூப்பிட்டேன். “கிட்ட வராதீங்கம்மா, ஒட்டிக்கும்லா” என்று சுவரோரம் நகர்ந்துகொண்டாள். தழும்பைத் தவிர அவள் உடம்பில் ஒன்றுமில்லை ஐயா. சீப்பும் கையுமாக நின்று அழுதுவிட்டேன்.

ஆகவே அந்தத் தாளை எடுக்க உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நான் எடுத்தால் குற்றம். என் மகளும் நம்பமாட்டாள். தாங்கள் யாரை அனுப்பினாலும், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எடுக்கச் சொல்லுங்கள். எடுத்தபின், அவள் தலையில் ஒருமுறை கை வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.

இடம்: புந்தோங்
நாள்: 14.8.1973

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
இருளாயி