சுடவைக்காத சூப்

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் சுந்தரலிங்கம் கலண்டர் தாளொன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் மனைவிக்கு எழுத உட்கார்ந்தார்.

இராஜகுமாரி உள்ளறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முந்தாநாள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கு முதல் நாள்தான், கம்பளையிலிருந்து வந்திருந்த அவளுடைய தம்பியின் முன்னால், "நீ வாயைத் தொறந்தாலே வில்லங்கம்தான்" என்று இவர் சொல்லியிருந்தார். அவள் பேசாதிருப்பது பல்லாலா, அந்தப் பேச்சாலா? மனுசனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"குமாரி, ஃபிரிட்ஜில நீல ஜக்கில சூப் இருக்கு. தக்காளி, வெள்ளரிக்காய், ஊறவச்ச பேக்கரி பாண் துண்டு, எல்லாம் பச்சையாவே அரைச்சது. வெயிலுக்கு நல்லதுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. ரெண்டு தரம் வாசிச்சுப் பார்த்துட்டேன், சுடவைக்கச் சொல்லவே இல்ல. நீயும் அடுப்புல வச்சிராத. புண்ணு எரியும்னு எலுமிச்சை விடல. பெரிய வடி எங்கன்னு தெரியல, கேட்டாலும் நீ சொல்லமாட்ட. தேத்தண்ணி வடியிலதான் வடிச்சேன், ஒரு மணித்தியாலம் போச்சு. அன்னைக்கு உன் தம்பி முன்னாடி நான்"

அதற்குமேல் வரவில்லை. கடைசி வரியை வெட்டிவிட்டு, ஓரத்தில் நெருக்கி எழுதினார்: "பல்லா, நானா? ஒண்ணும் புரியல. இதுலயே எழுதி வை."

பின்னேரம் வந்து பார்த்தபோது ஜக்கு கழுவிக் கவிழ்த்திருந்தது. தாளின் மூலையில் அவள் எழுத்து:

"பல்லுவலி நேத்தே நின்னுருச்சு. சூப்புல உப்பு பத்தல."